சொட்டும் சொல்லும்

1

இந்தக் கதை நான் செய்த ஒரு தவறிலிருந்து பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை ஒளித்துவைத்து உங்களைத் திடுக்கிட வைக்கிற உத்தியெல்லாம் எனக்கும் தெரியும். இந்த விஷயத்தில் அதற்கு மனசு வரவில்லை.

நான் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் மொழிபெயர்ப்பாளர். ஊர் மொழி சரியாகத் தெரியாத தமிழர்கள் டாக்டரைப் பார்க்க வரும்போது நடுவில் நாற்காலி போட்டு உட்கார்வேன். டாக்டர் சொல்வதைத் தமிழில் சொல்வேன், அவர்கள் சொல்வதை ஊர் மொழியில். பதினோரு வருஷமாக இதுதான் பிழைப்பு. கதை எழுதுவது பழக்கம். [‘கலை’ என்றுதான் முதலில் எழுதினேன். என் தங்கை படித்துவிட்டுச் சிரித்தாள். அந்தச் சொல்லை அடித்துவிட்டேன்.]

இந்த இரண்டுக்கும் ஒத்துப்போகாது. வேலையில் சேர்ந்த அன்று கையெழுத்து வாங்கிய தாளில் மூன்று விதிகள் இருந்தன. சேர்க்காதே, குறைக்காதே, மாற்றாதே. கதை எழுத உட்கார்ந்தால் நான் செய்வது இந்த மூன்றையும்தான். வீட்டில் ஒருத்தி, வேலையில் ஒருத்தி என்று சமாளித்துக்கொண்டிருந்தேன். நாலரை வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், வேலை நாற்காலியில் உட்கார்ந்தபடியே நான் கதைக்காரியாகிவிட்டேன். டாக்டர் சொல்லாத ஒரு சொல்லைச் சேர்த்துச் சொன்னேன்.

(நோயாளிகள் பெயரை வெளியே சொல்லக் கூடாது என்று நான்காவது விதியும் உண்டு. அதையாவது காப்பாற்றுகிறேன். இந்தக் கதையில் யாருக்கும் பெயர் இருக்காது.)

2

முதல் தொடக்கம்: ‘அந்தக் குழந்தை ஓர் உள்ளங்கையில் அடங்கிவிடும் அளவே...’

[வேண்டாம். குறைமாதக் குழந்தை என்றாலே எழுதுகிறவர்கள் எல்லாரும் உள்ளங்கையை நீட்டிவிடுகிறார்கள். இவள் அடங்கவும் இல்லை. ஒல்லியாக, நீளமாக இருந்தாள்.]

இரண்டாவது தொடக்கம்: ‘வாழ்க்கை என்பது ஒரு மெல்லிய...’

[இந்த வாக்கியத்தை நான் முடிக்கப்போவதில்லை.]

மூன்றாவது: லிஃப்ட் மெக்கானிக் ஒருவருக்கும், கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற பெண்ணுக்கும், கல்யாணமாகி ஆறாவது வருஷம், பதினான்கு வாரம் முன்கூட்டியே ஒரு மகள் பிறந்தாள். எடை எழுநூற்று எண்பது கிராம்.

இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்வோம்.

குழந்தைகள் தீவிர சிகிச்சை அறையில் மொத்தம் எட்டு கண்ணாடிப் பெட்டிகள். இவளுடையது ஜன்னலிலிருந்து இரண்டாவது. பெட்டிக்கு மேலே ஒரு கம்பம், கம்பத்தில் வெளிச்சம் படாமல் உறை போட்ட ஒரு பை, பக்கத்தில் பால்போல வெள்ளையாக ஒரு ஊசிக்குழல். அதிலிருந்து நூல் மாதிரி ஒரு குழாய் அவள் தொப்புள் வழியாக உள்ளே போனது. அவள் மூச்சு சற்றுத் தடுமாறினாலே ஒரு மணி அடிக்கும், மூன்று நர்ஸுகள் ஓடி வருவார்கள். அப்பா முதல் நாளே அவளுக்கு ‘மேனேஜர்’ என்று பட்டம் வைத்துவிட்டார்.

“பாருங்க மேடம், பொறந்து ஒரு நாள் ஆகல. அதுக்குள்ள மூணு பேரை ஓட ஓட வேலை வாங்குறா.”

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். சிரிப்பு நின்றதும் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். ஆள் நல்ல உயரம், தோள் அகலம். இருபது மாடி உயரத்தில் கம்பியைப் பிடித்துத் தொங்கி வேலை பார்க்கிறவர். அந்தப் பெட்டியின் பக்கத்தில் மட்டும் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

அந்தப் பை எதற்கு என்று அம்மா கேட்டாள். அறுவை சிகிச்சை முடிந்து மறுநாள், சக்கர நாற்காலியில் இருந்தாள்.

“சாப்பாடுதாங்க,” என்று நர்ஸ் சொன்னதை நான் சொன்னேன். “குடல் இன்னும் பால் வாங்குற அளவுக்குத் தேறல. அதனால ரத்தத்துக்கே நேராப் போகுது. சர்க்கரை, உப்பு, அமினோ அமிலம். இந்த வெள்ளை கொழுப்பு.”

“அமினோ அமிலம்னா?”

“புரதத்தோட துண்டுங்களாம். வீடு கட்டச் செங்கல் மாதிரி. சதை, தோல், மூளை எல்லாம் அதுலதான் கட்டணுமாம்.”

செங்கல் நர்ஸ் சொன்னது. நான் சேர்த்ததில்லை. இதைக் குறிப்பிட்டுச் சொல்ல வேண்டிய நிலையில் இருக்கிறேன், பாருங்கள்.

3

இனி அந்த மத்தியானம்.

ஆராய்ச்சி டாக்டர் வந்தார். ஒடிசலான மனிதர். பெற்றோரைவிடத் தாழ்வான ஸ்டூலைத் தேடி எடுத்துப்போட்டு உட்கார்ந்தார். நிதானமாகப் பேசினார். நான் வாக்கியம் வாக்கியமாகத் தமிழில் சொன்னேன்.

வயிற்றில் இருக்கும்போது கொடி வழியாகக் குழந்தைக்கு அமினோ அமிலம் தாராளமாகக் கிடைத்துக்கொண்டிருக்கிறது. சீக்கிரம் பிறந்துவிட்டால் அது சட்டென்று நின்றுவிடுகிறது. அதனால் இங்கே எல்லாக் குழந்தைகளுக்கும் நரம்பு வழியாகக் கொடுக்கிறோம். உங்கள் மகளுக்கும் கொடுக்கிறோம். அதற்கு மேல், முதல் ஐந்து நாள் மட்டும் இன்னும் கொஞ்சம் சேர்த்துக் கொடுத்தால் நன்றாக வளருவார்களா? வளருவார்கள் என்று சிலர் நினைக்கிறார்கள். இவ்வளவு சின்ன உடம்புக்கு அது சுமையாகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். அதைத் தெரிந்துகொள்ளத்தான் இந்த ஆய்வு. பாதிக் குழந்தைகளுக்குக் கூடுதல் அமினோ அமிலம். மீதிப் பாதிக்கு அதே அளவு உப்புத் தண்ணீர். யாருக்கு எது என்று கம்ப்யூட்டர் சீட்டுக் குலுக்கும். உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. வேண்டாம் என்றால் வேண்டாம், கவனிப்பில் ஒரு குறையும் வராது.

இதுவரை ஓர் எழுத்து பிசகவில்லை. சத்தியம்.

அம்மா சம்மதத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னிடம் திரும்பினாள். “அக்கா, இது நல்லதா, கெட்டதா? ஒரே வார்த்தையில அவரைச் சொல்லச் சொல்லுங்க.”

நான் கேட்டேன். டாக்டர் ஒரே வார்த்தையில் சொல்லவில்லை. இரண்டு நிமிஷம் பேசினார். இடையில் தலையை ஆட்டினார், கையை விரித்தார். சாரம் இதுதான்: தெரியாது. நம்பிக்கை இருக்கிறது, ஆனால் நம்பிக்கையும் தெரிவதும் ஒன்றில்லை. தெரிந்திருந்தால் உங்களிடம் கேட்டுக்கொண்டிருக்க மாட்டேன், கொடுத்திருப்பேன்.

நான் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். உதடு காய்ந்து வெடித்திருந்தது. கையில் ஊசி குத்திய இடம் நீலமாக வீங்கியிருந்தது. ‘தெரியாது’ என்ற சொல்லை அந்த முகத்தின் மேல் போட எனக்குக் கை வரவில்லை.

“நல்லதுதாம்மா,” என்றேன். “உறுதியா இப்பவே சொல்ல முடியாதாம், அவ்வளவுதான்.”

அப்பா பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது. “நல்லதுன்னா எதுக்கு யோசிக்கணும்?” என்று பேனாவை எடுத்தார். அம்மாவும் கையெழுத்துப் போட்டாள்.

4

[இங்கே நாலு பக்கம் எழுதிக் கிழித்தேன். என்னை நியாயப்படுத்துகிற நாலு பக்கம். ‘யாராக இருந்தாலும் அந்த இடத்தில்’ என்று தொடங்கியது. எனக்குத் தெரிந்து வேறு யாரும் அப்படிச் செய்யவில்லை.]

ஐந்து நாள் கம்பத்தில் இன்னொரு ஊசிக்குழல் ஏறியது. உள்ளே தண்ணீர் மாதிரி நிறமில்லாத ஒன்று. அமினோ அமிலமா உப்புத் தண்ணீரா, கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அப்பா மட்டும் பார்த்தவுடன் சொல்லிவிட்டார். “அதேதான் மேடம். உப்புத் தண்ணி இவ்வளவு மெதுவாவா போகும்?”

மேனேஜர் முதல் வாரம் இளைத்தாள். எல்லாக் குழந்தைகளும் இளைக்குமாம். பத்தாம் நாள் பிறந்த எடைக்குத் திரும்பினாள். அதற்குப் பிறகு ஒரு நாள் பதினைந்து கிராம், ஒரு நாள் இருபது. வாரம் ஒருமுறை தலையைச் சுற்றிக் காகித நாடாவால் அளந்து, கோடுகள் போட்ட ஒரு தாளில் புள்ளி வைத்தார்கள். அப்பா வேலை முடிந்து வந்ததும் முதலில் அந்தத் தாளைத்தான் பார்ப்பார், பிறகுதான் பிள்ளையை. புள்ளி மேலே போனால், “வேலை செய்யுது பாருங்க” என்பார். போகாவிட்டால், “இன்னைக்கு அளந்த ஆளு சரியில்ல.”

பன்னிரண்டாவது வாரம் வீட்டுக்குப் போனார்கள். அவர்கள் கோப்பு மூடியது. என் சொல்லும் அதோடு போய்ச்சேர்ந்தது என்று நினைத்தேன்.

5

ஆய்வில் சேர்ந்த குழந்தைகளை இரண்டு வயதில் மறுபடி கூப்பிட்டுப் பார்ப்பார்கள். வளர்ச்சியை மட்டுமில்லை, நடை, பேச்சு, கை வேலை எல்லாவற்றையும். பேச்சைப் பார்க்க மொழி தெரிந்தவர் வேண்டும். என்னை அனுப்பினார்கள்.

தரையில் பாய் விரித்த ஒரு சின்ன அறை. அன்று அம்மா மட்டும் வந்திருந்தாள். மேனேஜர் சிவப்புக் கவுனில் இருந்தாள், பெரியவர்கள் மாதிரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அறையைச் சுற்றிப் பார்த்தாள். பலகையில் படுக்கவைத்து அளந்தார்கள். எழுபத்தொன்பதரை சென்டிமீட்டர். கோடுகள் போட்ட அதே மாதிரித் தாளில் புள்ளி கடைசிக் கோட்டுக்குக் கீழே விழுந்தது. அம்மா குனிந்து புள்ளியைப் பார்த்தாள். லென்ஸ் தேய்க்கிறவளுக்கு அளவைப் பற்றி யாரும் விளக்க வேண்டாம்.

கட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாக ஆறு அடுக்கினாள். பிறகு படங்கள். பரிசோதகர் படத்தைக் காட்ட, நான் “இது என்ன?” என்று கேட்க வேண்டும். அவள் சொன்னதை அப்படியே பரிசோதகரிடம் சொல்ல வேண்டும்.

பந்து. “பந்து.” பூனை. “பூன.” அடுத்தது சாவி.

மேனேஜர் சாவியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். வாயைத் திறந்து, “ஆ,” என்றாள்.

“சாவி சொல்றா,” என்றாள் அம்மா உடனே. “வீட்டுல நல்லாச் சொல்லுவா. சாவின்னுதான் சொன்னா, உங்களுக்குக் கேட்டுச்சில்ல அக்கா?”

பரிசோதகர் என்னைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தாள்.

[உங்களுக்கு இப்போது என் மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும், அந்த நாற்காலியில் ஒரு நிமிஷம் உட்கார்ந்து பாருங்கள். ஒரு சாவி. அவ்வளவுதான்.]

“குழந்தை ‘ஆ’ என்றாள்,” என்று ஊர் மொழியில் சொன்னேன். “அது சாவி என்று அம்மா சொல்கிறார். வீட்டில் சொல்வாளாம்.”

பரிசோதகரின் பேனா அசையவில்லை. அம்மா அந்தப் பேனாவையே பார்த்தாள். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

6

நான் முதலில் எழுதிய ஆறாம் பகுதியில், நான் தவறை ஒப்புக்கொள்கிறேன், அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்க நல்ல மனசோடதானே சொன்னீங்க” என்கிறாள். வாசித்தபோது எனக்கே இனித்தது. அந்த இனிப்பில்தான் சந்தேகம் வந்தது. அவள் அப்படிப்பட்டவள் இல்லை. நடந்தது இது.

வெளியே நடைபாதையில் மகளுக்கு மேல்சட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். நான் போய் நின்றேன். “ஒரு விஷயம் சொல்லணும்,” என்றேன். சொன்னேன். அன்று டாக்டர் நல்லது என்று சொல்லவில்லை, அது நானாகச் சொன்னது என்று.

பொத்தானைப் போட்டு முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

“எனக்குத் தெரியும்.”

“எப்படி?”

“மனுஷன் ரெண்டு நிமிஷம் பேசினார். தலையை ஆட்டினார், கையை விரிச்சார். நீங்க ஒரு நொடியில முடிச்சிட்டீங்க. நான் என்ன சின்னப் பிள்ளையா? மனசுக்குள்ள நான் அவருக்கு வச்ச பேரே ‘தெரியாது டாக்டர்’தான்.”

“தெரிஞ்சுமா கையெழுத்துப் போட்டே?”

“அந்த ஒரு நாள்ல எத்தனை பேர் வந்தாங்க. எல்லாரும் எல்லாம் தெரிஞ்ச மாதிரியே பேசினாங்க. இவர் ஒருத்தராவது தெரியலன்னு ஒத்துக்கிட்டாரேன்னு போட்டேன். உங்க பேச்சுக்காகப் போடல.”

எனக்குப் பாரம் இறங்கியது. அது என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். அவள் குரல் ஏறியது.

“ஆனா ஒண்ணு கேக்குறேன் அக்கா. அன்னைக்குச் சேர்த்துச் சொன்னீங்க. இன்னைக்கு மட்டும் நெறி தவறாம ‘ஆ’ன்னு சொல்றீங்க. உங்க மனசாட்சியைச் சரிபண்ண என் பொண்ணுதான் கிடைச்சாளா?”

மகளைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

போகும்போது திரும்பி, “இவ அப்பாகிட்ட சொல்லிடாதீங்க,” என்றாள். “அந்த ஒத்தை வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டுதான் அவர் அந்த மூணு மாசமும் நின்னார்.”

(மேலதிகாரியிடம் சொன்னேனா என்று கேட்பீர்கள். சொன்னேன், அடுத்த வாரம். இரண்டு வருஷம் தாமதமாக. ஆய்வுக் குழுவுக்கும் எழுதினார்கள். ஆறு மாதம் என்னைக் குழந்தைகள் பிரிவுப் பக்கமே அனுப்பவில்லை. அதில் அநியாயம் ஒன்றுமில்லை.)

7

போன மாதம் ஆய்வின் முடிவு வந்தது. மேனேஜருக்கு நாலரை வயது. பெற்றோரை நேரில் அழைத்துச் சொன்னார்கள். மொழிபெயர்ப்புக்கு நான்தான் வேண்டும் என்று அம்மா கேட்டிருந்தாள். ஏன் கேட்டாள் என்று எனக்குத் தெரியவில்லை. மறந்திருக்க மாட்டாள்.

ஆராய்ச்சி நர்ஸ் கடிதத்தை வாசித்தார். கூடுதல் அமினோ அமிலம் பெற்ற குழந்தைகளும், உப்புத் தண்ணீர் பெற்ற குழந்தைகளும், இரண்டு வயதில் உயரத்திலும் எடையிலும் தலையின் சுற்றளவிலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தார்கள். கூடுதலாகக் கொடுத்ததால் வளர்ச்சி கூடவில்லை. இனி இந்த ஆஸ்பத்திரியில் வழக்கமான அளவே கொடுப்பார்கள். உங்கள் உதவி இல்லாமல் இது தெரிந்திருக்காது. நன்றி.

நான் ஒவ்வொரு வாக்கியமாகச் சொன்னேன். அப்பா குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

“அப்போ அது நல்லதில்லையா?”

“நல்லதும் இல்ல, இவங்க அளந்த வரைக்கும் பெரிய கெடுதலும் இல்லன்னு சொல்றாங்க.”

“நல்லதுன்னுதானே அன்னைக்குச் சொன்னாங்க?”

நர்ஸ் ஒரு சிறிய மூடிய உறையை மேசையில் வைத்தார். மகளுக்கு எது கிடைத்தது என்று அதில் இருக்கிறது, பார்ப்பதும் பார்க்காததும் உங்கள் விருப்பம் என்று சொல்லிவிட்டு வெளியே போனார். அம்மா என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்ற பார்வையா, சொல்லிவிடு என்ற பார்வையா, என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

“அவங்க சொல்லல,” என்றேன். “டாக்டர் தெரியாதுன்னுதான் சொன்னார். நல்லதுன்னு சொன்னது நான்.”

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை.

“பக்கத்துப் பெட்டிக்காரங்க யோசிச்சுக்கிட்டே இருந்தாங்க மேடம். நம்ம ஆளுங்கதான். நான்தான் போய்ச் சொன்னேன். போடுங்க கையெழுத்து, விசாரிச்சுட்டோம், நல்லதுதான்னு. அந்தப் பையன் இப்போ எப்படி இருக்கானோ.”

இது எனக்குத் தெரியாது. என் சொல் அந்த அறையில் ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்கு நடந்து போனது எனக்குத் தெரியாது. மன்னிப்புக் கேட்டேன். அவர் அதை வாங்கிக்கொள்ளவும் இல்லை, திருப்பித் தரவும் இல்லை. தலையை மட்டும் அசைத்தார்.

“உறையைப் பிரிக்கணும்,” என்றார்.

“அது அவளோடது,” என்றாள் அம்மா. “பெரியவளாகி அவ கேக்கட்டும். இப்போ பார்த்தா, அவ தட்டுல மிச்சம் வைக்கிற ஒவ்வொரு வாய்க்கும் ஒரு காரணம் தேடுவீங்க.”

“பாக்காட்டியும் தேடத்தான் போறேன்.”

மேனேஜர் மேசைக்கடியில் உட்கார்ந்து ஒரு காலணியைக் கழற்றிவிட்டு, கட்டைவிரலைப் பிடித்து நீவிக்கொண்டிருந்தாள். “கடிக்குது,” என்றாள் யாரையும் பார்க்காமல்.

அப்பா என்னிடம், “நீங்க கொஞ்சம் வெளியே இருங்க மேடம்,” என்றார். குரலில் கோபம் இல்லை. “இதை நாங்களே படிச்சுக்குவோம்.”

வெளியே போனேன். கதவு மூடியது.

8

உள்ளே நடந்ததைச் சொல்லத்தான் இந்தப் பகுதி. மூன்று விதமாக எழுதிப்பார்த்தேன். ஒன்றில் பிரிக்கிறார்கள், உப்புத் தண்ணீர். அப்பா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைக்கிறார். ஒன்றில் பிரிக்கிறார்கள், அமினோ அமிலம். அறையில் ஒரு சத்தமும் இல்லை. இன்னொன்றில் அம்மா உறையை எடுத்துப் பைக்குள் போட்டு, பையை மடியில் வைத்துக்கொள்கிறாள். மூன்றும் நம்பும்படியாகத்தான் இருக்கின்றன. உங்களுக்கு அவர்களை இப்போது ஓரளவு தெரியும். எது என்று நீங்களே முடிவு செய்யலாம். எனக்கு நிஜமாகவே தெரியாது. நான் கதவுக்கு வெளியே இருந்தேன்.

பத்து நிமிஷம் கழித்துக் கதவு திறந்தது. அப்பா மகளைத் தூக்கி வைத்திருந்தார். ஒரு காலில்தான் காலணி. இருவர் முகத்தையும் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை.

“எதிர்த்தாப்புல செருப்புக் கடை இருக்கு,” என்றாள் அம்மா. “போன தடவை வாங்கினது அதுக்குள்ள பத்தல. நீங்களும் வாங்களேன் அக்கா, வழிதானே.”

போனேன். கடைக்காரர் மேனேஜரின் பாதத்தை அளவுத் தகட்டில் வைத்து, குறியைப் பார்த்து எண் சொன்னார். அப்பாவுக்குக் கடைத்தெரு அளவுக்கு ஊர் மொழி நன்றாகவே வரும். நான் ஓரமாக நின்றேன், எனக்கு அங்கே வேலை இல்லை. அவர் கடைக்காரரிடம் ஊர் மொழியில் சொன்னதை உங்களுக்காகத் தமிழில் தருகிறேன்.

“ஒரு அளவு பெருசா குடுங்க. வளர்ற பிள்ளை.”